அணு ஏன் அழிவதில்லை? — பிளாங்கு மாறிலியின் வரலாறு

1957 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 4 ஆந் திகதி சோவியத்து ஒன்றியத்தார் விண்ணில் ஏவிய முதற் செயற்கைத் துணைக்கோள், ஏறக்குறைய 96 நிமிடத்திற்கு ஒருமுறை பூமியைச் சுற்றி வந்தது. அது எழுப்பிய ஒலிக்குறியை உலகின் பல பாகங்களிலும் சிற்றலை வானொலிக் கருவி வைத்திருந்தோர் தம் வீடுகளில் இருந்தபடியே கேட்டு வியந்தனர். ஆயின் அதன் வாழ்நாள் மூன்று மாதங்களே. 1958 ஆம் ஆண்டு சனவரி 4 ஆந் திகதி அத்துணைக்கோள் அடர்ந்த வளிமண்டலத்துள் வீழ்ந்து எரிந்தொழிந்தது.

அதனை வீழ்த்தியது யாது? பல நூறு கிலோமீற்றர் உயரத்திலும் மிக நொய்தாய்ப் பரந்து கிடக்கும் காற்று, ஒவ்வொரு சுற்றிலும் அதன் சத்தியிற் சிறிதளவைக் கவர்ந்துகொண்டது. சுற்றி வரும் பொருளொன்று சத்தியை இழக்குமாயின் அதன் பாதை சுருங்கும். பாதை சுருங்கச் சுருங்க வேகம் மிகும். ஈற்றில் அது நடுவிலுள்ள பொருளின்மீது வீழும். கெப்ளர் 1609 ஆம் ஆண்டிலும் 1619 ஆம் ஆண்டிலும் வெளியிட்ட விதிகளுக்கு நியூற்றன் 1687 ஆம் ஆண்டில் காரணங் கூறிய காலந்தொட்டு அறிஞர் இவ்வுண்மையை அறிவர். சுற்றுப்பாதையின் அளவு, சுற்றும் வேகம், பொருளின் சத்தி ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒன்றை அறிந்தால் ஏனையவற்றைக் கணித்துவிடலாம்.

நியூற்றனின் விதிகளில் மற்றொரு செய்தியும் அடங்கியுள்ளது. எந்தப் பாதை வேண்டுமாயினும் அமையலாம். துணைக்கோளை 300 கிலோமீற்றர் உயரத்தில் நிறுத்தலாம்; 301 கிலோமீற்றரிலும் நிறுத்தலாம்; இரண்டிற்கும் இடைப்பட்ட எவ்வுயரத்திலும் நிறுத்தலாம். பாதைகளுக்கிடையே படிகள் இல்லை. அவை சாய்தளம்போல் இடையறாது தொடர்கின்றன. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக எவரும் இதனை ஐயுற்றதில்லை. ஐயம் எழுந்தபோது அது வானத்திலிருந்து வரவில்லை, அணுவினுள்ளிருந்து வந்தது.

மாஞ்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்தில் ஏணெஸ்ட் இரதபோட்டு என்னும் பேராசிரியர் கதிர்த்தொழிற்பாட்டை ஆராய்ந்து வந்தார். 1909 ஆம் ஆண்டில் அவருடைய உதவியாளரான கைகரும் மாஸ்டனும் மெல்லிய உலோகத் தகடுகளின்மீது அல்பாத் துணிக்கைகளைச் செலுத்தினர். அவற்றுட் சில, மோதிய வழியே திரும்பி வந்தன. இதற்கு 1911 ஆம் ஆண்டில் இரதபோட்டு கூறிய விளக்கம் இது: அணுவின் திணிவில் ஏறக்குறைய முழுவதும் அதன் நடுவே மிகச் சிறியதொரு கருவில் செறிந்துள்ளது, மறையேற்றமுடைய இலத்திரன்கள் அக்கருவிற்கு வெளியே உள்ளன. சூரியனும் கோள்களும் போன்ற இவ்வமைப்பு மனத்திற்கு இனியது. ஆயினும் இதில் அழிவு ஒன்று ஒளிந்திருந்தது.

மின்னேற்றமுடைய பொருள் வளைந்து ஓடுமாயின் அது மின்காந்த அலைகளை வெளியிட்டுச் சத்தியை இழக்கவேண்டும் என்பது 19 ஆம் நூற்றாண்டில் நிலைநாட்டப்பட்ட விதி. வானொலி நிலையத்தின் அனுப்பற் கம்பியிலே இலத்திரன்கள் முன்னும் பின்னும் அலைவதனாலேயே ஒலிபரப்பு நிகழ்கின்றது. அவ்விதியின்படி, கருவைச் சுற்றும் இலத்திரன் ஓயாது ஒளியை உமிழ்ந்து, சத்தியிழந்து, சுருளாகச் சுழன்று கருவில் வீழ்ந்துவிடல் வேண்டும். காற்று செயற்கைத் துணைக்கோளுக்குச் செய்ததை ஒளி இலத்திரனுக்குச் செய்யும். அதற்கு மூன்று மாதங்களும் வேண்டா. கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு செக்கனின் பத்தாயிரங் கோடியில் ஓரிரு பங்கு காலத்திலேயே ஐதரசன் அணு அழிந்துவிட வேண்டும் என்பது பெறப்படும்.

ஆனால் கல் கல்லாகவே இருக்கிறது. நீர் நீராகவே இருக்கிறது. எனவே அறிந்த விதிகளுள் ஏதோ ஒன்று அணுவினுள் செல்லாது போகவேண்டும். எது செல்லாது? அதற்கு ஈடாக எது செல்லும்? இவ்வினாவிற்கு விடை தந்தது ஓர் எண். அவ்வெண் அணுவை ஆராயும்போது கண்டுபிடிக்கப்பட்டதன்று. அதனைக் கண்டவரே அதனை மனமுவந்து ஏற்றாரல்லர்.

அவ்வெண்ணின் கதைக்கு முன்னர், சுவிற்சர்லாந்தின் பாசல் நகரத்து ஆசிரியர் ஒருவரை நினைவுகூர்தல் தகும். யோகான் யாக்கோப்பு பால்மர் 1825 ஆம் ஆண்டிற் பிறந்தவர். பெண்கள் பாடசாலையொன்றிற் கணிதங் கற்பித்து வாழ்ந்தவர். ஐதரசன் வாயுவைக் குழாயில் அடைத்து மின்னைச் செலுத்தினால் அது ஒளிவிடும். அவ்வொளியை அரியத்தினூடாகச் செலுத்தினால், வானவில்போல் தொடர்ந்த நிறப்பட்டை தோன்றுவதில்லை. தனித்தனிக் கோடுகளே தோன்றும். சிவப்பு ஒன்று, நீலப்பச்சை ஒன்று, ஊதா இரண்டு எனக் கண்ணுக்குப் புலப்படுவன நான்கு. சுவீடன் நாட்டு அறிஞர் ஓங்ஸ்ட்ரோம் அவற்றின் அலைநீளங்களை மிக நுணுக்கமாக அளந்திருந்தார். அந்நான்கு எண்களுக்குமிடையே ஓர் ஒழுங்கு இருத்தல் வேண்டும் எனப் பால்மர் தேடினார்.

1885 ஆம் ஆண்டில், தம் அறுபதாம் அகவையில், அவர் அதனைக் கண்டார். 3645.6 என்னும் எண்ணை ஐந்தில் ஒன்பது, மூன்றில் நான்கு, இருபத்தொன்றில் இருபத்தைந்து, எட்டில் ஒன்பது என்னும் பின்னங்களாற் பெருக்கினால், அந்நான்கு அலைநீளங்களும் ஓங்ஸ்ட்ரோமின் பெயராலேயே வழங்கும் அலகிற் கிடைக்கின்றன. அப்பின்னங்களும் எழுந்தபடி எழுந்தவையல்ல. மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என்னும் எண்களின் வர்க்கங்களை, அவ்வர்க்கங்களிலிருந்து இரண்டின் வர்க்கமாகிய நான்கைக் கழித்து வருவனவற்றால் வகுத்தால் அவை தோன்றும். ஏழு, எட்டு என மேலுஞ் சென்றால், கண்ணுக்குப் புலனாகாத ஊதாக் கடந்த கோடுகளின் இடங்களும் பொருந்தி வந்தன. சுவீடன் அறிஞர் றிட்பேக்கு, பின்னர் இச்சூத்திரத்தைப் பிற மூலகங்களுக்கும் பொருந்துமாறு விரிவாக்கினார். ஆயினும் ஐதரசன் ஏன் இவ்வாறு முழு எண்களின் வர்க்கங்களைக் கணக்கிடுகிறது என்பதை எவராலும் கூற இயலவில்லை. பால்மர் 1898 ஆம் ஆண்டிற் காலமானார். தாம் கண்டது அணுவின் திறவுகோல் என்பதை அவர் அறிந்தாரில்லை.

இனி அந்த எண்ணைக் காண்போம். மாக்ஸ் பிளாங்கு 1858 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் கீல் நகரிற் பிறந்தவர். அவர் மியூனிக்கிற் கல்வி தொடங்கியபோது, பௌதிகவியலில் இனிக் கண்டுபிடிக்க அதிகமில்லை என ஆங்கிருந்த பேராசிரியர் யொலி அவருக்கு அறிவுரை கூறினாராம். புதியன காணும் ஆசையால் அத்துறைக்கு வந்தவரல்லர் பிளாங்கு. பழைய அடிப்படைகளை நன்கு விளங்கிக்கொள்ளவே விரும்பினார். இயல்பிலேயே பழமை பேணுபவரான அவர் கையிலேயே பழமை உடைந்தது.

காய்ச்சிய இரும்பு முதலிற் செந்நிறமும், பின் மஞ்சளும், பின் வெண்மையும் பெறுவதைக் கொல்லன் பட்டறையில் எவரும் காணலாம். வெப்பநிலைக்கேற்ப எவ்வெந்நிற ஒளி எவ்வளவு வெளிப்படும்? பேர்லின் நகரத்து அரசாங்க அளவைக் கூடத்தார், விளக்கொளிக்கு நியமம் வகுக்கும் தேவையையும் கருதி இதனை நுட்பமாக அளந்து வந்தனர். பழைய விதிகளின்படி கணக்கிட்டால் விடை அளவீடுகளோடு முரண்பட்டது. 1900 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ரூபென்ஸ் என்னும் பரிசோதனையாளர் தம் புதிய அளவீடுகளைப் பிளாங்கிடம் எடுத்துரைத்தார். பிளாங்கு அவற்றிற்கு இசைந்த சூத்திரமொன்றை விரைவிலேயே அமைத்தார். சூத்திரம் பொருந்திற்று, பொருள் விளங்கவில்லை. அப்பொருளைத் தேடிய சில கிழமைகளே தம் வாழ்வில் மிகக் கடுமையாக உழைத்த காலம் எனப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார்.

அவ்வாண்டு திசெம்பர் 14 ஆந் திகதி பேர்லினில் ஜேர்மன் பௌதிகக் கழகத்தின் முன்னிலையில் அவர் தம் முடிவை வெளியிட்டார். அதிரும் பொருள் சத்தியை எவ்வளவு வேண்டுமாயினும் கொள்ளவும் கொடுக்கவும் இயலாது; துளித்துளியாகவே, அதாவது சத்திச்சொட்டுகளாகவே அஃது இயலும். ஒரு சொட்டின் அளவு அவ்வதிர்வின் மீடிறனைப் பொறுத்தது. ஒரு செக்கனில் எத்தனை முறை அதிர்கிறது என்பதே மீடிறன். அம்மீடிறனை ஒரு குறித்த எண்ணாற் பெருக்கினால் சொட்டின் சத்தி கிடைக்கும். அக்குறித்த எண்ணே பின்னர்ப் பிளாங்கு மாறிலி எனப் பெயர் பெற்றது. ஏக்கு, செக்கன் என்னும் அக்கால அலகுகளில் அதனை எழுதுவதாயின், தசமப் புள்ளியின் பின் 26 பூச்சியங்களை இட்டு, அதன்பின் 655 என எழுத வேண்டும். இது பிளாங்கு கண்ட பெறுமானம். இன்று ஏற்கப்படுவதிலிருந்து ஏறக்குறைய ஒரு வீதமே வேறுபடுவது.

வேறு வழியற்ற நிலையில் துணிந்து செய்த செயல் அது எனப் பல்லாண்டுகள் கழித்து அவரே ஒப்புக்கொண்டார். அம்மாறிலியைப் பழைய பௌதிகவியலுள் எவ்வாறேனும் அடக்கிவிடலாம் என நெடுங்காலம் முயன்றார், முயற்சி பலிக்கவில்லை. இதற்கிடையில் 1905 ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைன், ஒளியே சொட்டுச்சொட்டாக அமைந்தது என்னும் துணிவான கருத்தை வெளியிட்டார். 1910 ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து இளைஞர் ஆதர் ஹாஸ், அணுவின் அளவிற்கும் பிளாங்கு மாறிலிக்கும் தொடர்பு கற்பித்தபோது, அது வேடிக்கைப் பேச்சு என ஆங்குள்ளோர் நகைத்தனர். 1912 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நிக்கல்சன் என்பார், சுற்றும் இலத்திரன்களின் கோணவுந்தம் அம்மாறிலியை அலகாகக் கொண்டு அமையலாம் எனக் கூறினார். கதவருகே பலர் வந்து நின்றனர், திறந்தவர் வேறொருவர்.

நீல்ஸ் போர் 1885 ஆம் ஆண்டு ஒக்டோபர் 7 ஆந் திகதி, பால்மர் தம் சூத்திரத்தை வெளியிட்ட அதே ஆண்டில், கோப்பன்ஹேகன் நகரிற் பிறந்தார். தந்தையார் உடற்றொழிலியற் பேராசிரியர். தம்பி ஹரால்டு கணித அறிஞர். 1908 ஆம் ஆண்டு ஒலிம்பிக்குப் போட்டியில் டென்மார்க்கின் உதைபந்தாட்டக் குழுவில் ஆடி வெள்ளிப் பதக்கம் பெற்றவர். நீல்ஸ் 1911 ஆம் ஆண்டிற் கலாநிதிப் பட்டம் பெற்று, இலத்திரனைக் கண்டறிந்த தொம்சனிடங் கற்கக் கேம்பிரிட்ஜ் சென்றார். அடுத்த ஆண்டில் மாஞ்செஸ்டருக்கு, இரதபோட்டுவிடம் சென்றார். அணு அழிந்துவிட வேண்டும் என்னும் முரண்பாட்டைக் கண்டு அவர் இரதபோட்டுவின் அணுவைக் கைவிடவில்லை. அணு நிலைத்திருப்பதே முதல் உண்மை. அதற்கு இசையாத விதியே அணுவிற்குள் ஒதுங்கவேண்டும் எனக் கொண்டார். ஒதுங்கும் விதியின் இடத்தைப் பிளாங்கு மாறிலி நிரப்பும் என்னும் எண்ணமும் அவருக்கு அப்போதே உண்டாயிற்று. ஆனால் எவ்வாறு என்பது தெளிவாகவில்லை.

1913 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கோப்பன்ஹேகனில், ஹான்சன் என்னும் நண்பர், நிறமாலைக் கோடுகளைப் பற்றி உமது கொள்கை யாது கூறுகிறது என அவரை வினவினார். போர் அதுவரை அவற்றைப் பொருட்படுத்தவில்லை. பாசல் நகரத்து ஆசிரியரின் சூத்திரத்தை எடுத்துப் பார்க்குமாறு நண்பர் கூறினார். அதனைக் கண்டவுடனே தமக்கு எல்லாந் தெளிவாயின எனப் போர் பிற்காலத்திற் பலமுறை கூறியுள்ளார்.

அத்தெளிவின் உட்பொருள் இதுவாகும். வெகு தொலைவில் அசையாதிருந்த இலத்திரனொன்று கருவினால் ஈர்க்கப்பட்டு ஒரு பாதையில் அமர்கின்றது என்க. அவ்வாறு அமரும்போது அது ஒரு தொகைச் சத்தியைக் கைவிடுகிறது. பாதை சிறிதாயின் கைவிடும் சத்தி பெரிது. ஒரு செக்கனிற் சுற்றும் முறைகளின் தொகையும் பெரிது. பழைய விதிகளின்படி இவை எவ்வளவாகவும் இருக்கலாம். போர் ஒரு கட்டுப்பாட்டை விதித்தார். கைவிட்ட சத்தியைச் சுற்று மீடிறனால் வகுத்து வருவது, பிளாங்கு மாறிலியின் சரிபாதியாகவோ, அப்பாதியின் இருமடங்காகவோ, மும்மடங்காகவோ, இவ்வாறு முழு எண் மடங்காகவோ மட்டுமே இருத்தல் வேண்டும் என்றார். இதனையே வேறு சொற்களிற் கூறின், இலத்திரனின் திணிவையும் வேகத்தையும் பாதையின் ஆரையையும் பெருக்கி வரும் கோணவுந்தம், பிளாங்கு மாறிலியைப் பையின் இருமடங்கால் வகுத்து வரும் தொகையின் முழு மடங்காக இருத்தல் வேண்டும். சுற்றியக்கமும் சத்தியும் ஓர் அடிப்படை மாறிலியால் இவ்வாறு பிணைக்கப்பட்டன.

இதன் பயனாய்ச் சாய்தளம் மறைந்து படிக்கட்டுத் தோன்றிற்று. அனுமதிக்கப்பட்ட பாதைகளின் ஆரைகள் ஒன்று, நான்கு, ஒன்பது, பதினாறு என வளரும். அவற்றில் இலத்திரன் கட்டுண்டிருக்கும் சத்தி ஒன்று, காற்பங்கு, ஒன்பதில் ஒன்று, பதினாறில் ஒன்று எனக் குறையும். இப்பாதைகளில் நிற்குங்கால் இலத்திரன் ஒளியை வெளியிடுவதில்லை. மேற்படியிலிருந்து கீழ்ப்படிக்கு இறங்கும்போது மட்டுமே, இரு படிகளின் சத்தி வேறுபாடு ஒரு சொட்டு ஒளியாக வெளிப்படும். முதற்படிக்குக் கீழே படியில்லை. ஆதலின் வீழ்வதற்கு இடமுமில்லை. அணு அழியாமையின் காரணம் இதுவே. இரண்டாம் படிக்கு மூன்றிலிருந்தும் நான்கிலிருந்தும் ஐந்திலிருந்தும் ஆறிலிருந்தும் இலத்திரன் இறங்கும்போது எழும் நான்கு ஒளிக்கோடுகளே பால்மர் தம் பின்னங்களாற் குறித்த நான்கு கோடுகள்.

கொள்கையின் உரைகல் எண்ணாயிற்று. இலத்திரனின் ஏற்றம், அதன் திணிவு, பிளாங்கு மாறிலி ஆகிய மூன்றையும் கொண்டு, ஐதரசன் கோடுகளின் மீடிறனை ஆளும் றிட்பேக்கின் மாறிலியைப் போர் கணித்தார். செக்கனுக்கு 3.1 உடன் பதினைந்து பூச்சியங்கள் கொண்ட தொகையைப் பெருக்கி வரும் பெறுமானம் கிடைத்தது. நிறமாலையை அளந்து கண்டது 3.29. ஏறக்குறைய 6 வீத வேறுபாடே. அக்கால அளவீடுகளின் பிழைக்குள் அஃது அடங்கும். மின்னை அளந்தோரும், காய்ச்சிய பொருளின் ஒளியை அளந்தோரும், ஐதரசன் கோடுகளை அளந்தோரும் ஒருவரையொருவர் கருதாது கண்ட எண்கள் ஒரே இடத்தில் வந்து கூடின. தற்செயலாய் இது நிகழ்வது அரிது.

மேலும் அணுவின் அளவும் வெளிப்பட்டது. முதற் பாதையின் ஆரை ஒரு சென்ரிமீற்றரின் இருபது கோடியில் ஒரு பங்கிற்கு அண்மையது. அதில் இலத்திரன் செக்கனுக்கு ஏறக்குறைய 2,200 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். இது ஒளியின் வேகத்தில் 137 இல் ஒரு பங்கு.

போர் தம் கட்டுரையை 1913 ஆம் ஆண்டு மாச்சு 6 ஆந் திகதி இரதபோட்டுவிற்கு அனுப்பினார். இரதபோட்டு பாராட்டினார், ஆயினும் கூரியதொரு வினாவையும் எழுப்பினார். ஒரு படியிலிருந்து மற்றொன்றிற்கு இறங்கும் இலத்திரன், எந்த மீடிறனுடன் ஒளியை வெளியிட வேண்டுமென எவ்வாறு தீர்மானிக்கின்றது? தான் எங்கே போய் நிற்கப்போகிறது என்பதை அது முன்னரே அறிந்திருக்க வேண்டும் போலிருக்கிறதே என்பது அவ்வினாவின் கருத்து. போரிடம் அதற்கு விடையில்லை. கட்டுரை நீண்டிருக்கிறது, சுருக்குக எனவும் இரதபோட்டு எழுதியிருந்தார். போர் நேரே மாஞ்செஸ்டருக்குச் சென்று, ஒவ்வொரு பகுதிக்கும் வாதாடி, கட்டுரையைக் காத்துக்கொண்டார். அவ்வாண்டு யூலை, செத்தெம்பர், நொவெம்பர் மாதங்களில் அது மூன்று பகுதிகளாக வெளிவந்தது.

எதிர்ப்பும் எழுந்தது. இக்கொள்கை மெய்யாயின் பௌதிகவியலையே விட்டுவிடுவோம் என மாக்ஸ் பொன் லாவுவும் ஒட்டோ ஸ்ரேணும் சுவிற்சர்லாந்தில் ஒரு மலையிற் சபதஞ் செய்தனர் என்பர். இருவரும் சபதத்தைக் காக்காமை உலகின் நற்பேறு. இருவரும் பிற்காலத்தில் நோபெல் பரிசு பெற்றனர்.

எதிர்த்தோரை இணங்கச் செய்தது மற்றொரு கணக்கு. சில விண்மீன்களின் ஒளியிலும், பின்னர் இலண்டனில் பவுலர் என்பாரின் பரிசோதனைக் குழாயிலும் காணப்பட்ட கோடுகள் சில ஐதரசனுக்குரியவை எனக் கருதப்பட்டு வந்தன. அவை ஓர் இலத்திரனை இழந்த ஈலியத்தினுடையவை எனப் போர் கூறினார். ஈலியக் கருவின் ஏற்றம் இரண்டாதலின், அங்கே சத்திகள் நான்கு மடங்காகும். பவுலர் மறுத்தார்: அளந்து கண்ட விகிதம் நான்கன்று, 4.0016 என்றார். போர் உடனே விடையிறுத்தார். கரு அசையாது நிற்கிறது எனக் கொண்டமையால் வந்த பிழை அது. பூமியும் சந்திரனும் தமக்குப் பொதுவான நடுப்புள்ளியைச் சுற்றுவதுபோல், கருவும் இலத்திரனும் பொதுப்புள்ளியொன்றைச் சுற்றுகின்றன. அதனையுஞ் சேர்த்துக் கணித்தால் விகிதம் 4.00163 ஆகின்றது. இச்செய்தியை வியன்னாவிற் கேட்ட ஐன்ஸ்டைன், இது மிகப் பெரிய வெற்றி என வியந்தார்.

அடுத்த ஆண்டில் பிராங்கும் ஹேட்சும் இரச ஆவியினூடாக இலத்திரன்களைச் செலுத்தி, இரச அணு குறித்த அளவிற்குக் குறைந்த சத்தியை ஏற்பதில்லை எனக் காட்டினர். படிகள் உண்மையே என்பதற்கு அது நேர்ச்சான்றாயிற்று. மாஞ்செஸ்டரின் இளைஞர் மோஸ்லி எட்சு கதிர்களை அளந்து, மூலகங்களின் வரிசை கருவின் ஏற்றத்தின் வரிசையே என நிறுவினார். அவர் 1915 ஆம் ஆண்டு ஓகத்து 10 ஆந் திகதி கலிப்போலி யுத்தகளத்தில் 27 ஆம் அகவையில் உயிர் நீத்தார். 

போரின் கொள்கை இறுதிச் சொல்லன்று. இரண்டு இலத்திரன்களையுடைய ஈலியத்திலேயே அது தடுமாறிற்று. ஆணல்ட் சொமபெல் வட்டத்தோடு நீள்வட்டங்களையுஞ் சேர்த்து 1916 ஆம் ஆண்டளவில் அதனை விரித்தார். 1924 ஆம் ஆண்டில் தாக்காப் பல்கலைக்கழகத்திலிருந்து சத்தியேந்திரநாத் போஸ், பிளாங்கின் சூத்திரத்தைப் பழைய கொள்கையின் துணையின்றியே பெறும் வழியைக் காட்டினார். 1925 ஆம் ஆண்டில் ஹைசன்பேக்கும் 1926 ஆம் ஆண்டில் சுரோடிங்கரும் புதிய பொறியியலை வகுத்தனர். அதன்படி, கோளைப்போல் வரையறுத்த பாதையில் இலத்திரன் ஓடுவதில்லை. இங்கிருக்கும், அங்கிருக்கும் என்னும் நிகழ்தகவையே கூறவியலும். இரதபோட்டு வினவிய வினாவிற்கும் நிகழ்தகவே விடையாயிற்று.

இம்மாற்றத்தின் வேகத்தைச் சென்னை மாணவர் ஒருவர் நேரே உணர்ந்தார். 1928 ஆம் ஆண்டில் சொமபெல் சென்னைக்கு வந்தபோது, மாநிலக் கல்லூரியிற் கற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் அவரைக் காணச் சென்றார். சொமபெலின் நூலைத் தாமே முயன்று கற்றிருந்த அம்மாணவர், அணுவியலில் தேர்ச்சி பெற்றுவிட்டதாகவே எண்ணியிருந்தார். அந்நூலிற் கூறியவையெல்லாம் இப்போது மாறிவிட்டன எனச் சொமபெல் கூறி, அச்சேறாத புதிய கட்டுரையின் படியொன்றை அவருக்குக் கொடுத்தார். மாணவர் மனந்தளரவில்லை, மீண்டும் முதலிலிருந்து கற்றார். சில ஆண்டுகளில், முதிர்ந்த விண்மீனின் திணிவிற்கு அவர் கண்ட எல்லையிலும் பிளாங்கு மாறிலி இடம்பெற்றது. 1983 ஆம் ஆண்டில் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

பாதைகள் மறைந்தன, மாறிலி மறையவில்லை. ஐதரசனுக்குப் போர் கணித்த சத்திப் படிகளும் புதிய கொள்கையில் அவ்வாறே வந்தன. அங்ஙனமாயின் சந்திரனுக்கும் செயற்கைத் துணைக்கோளுக்கும் இப்படிகள் இல்லையோ என வினவலாம். உண்டு. ஆனால் பூமியைச் சுற்றும் சந்திரனின் கோணவுந்தத்தை அம்மாறிலியின் அலகால் அளந்தால், 69 இலக்கங்கள் கொண்ட எண் வருகின்றது. அத்தனை படிகளுள் ஒரு படி ஏறுவதையோ இறங்குவதையோ எக்கருவி அறியும்? படிகள் மிக நெருங்கியவிடத்துப் படிக்கட்டுச் சாய்தளமாகவே தோன்றும். நியூற்றன் கண்டதும் பொய்யன்று. படிகள் புலப்படாத உலகை அவர் கண்டார்.

பிளாங்கின் முதுமை துயர் நிறைந்தது. மூத்த மகன் காள் 1916 ஆம் ஆண்டில் வேர்டன் யுத்தத்தில் மாண்டார். இரட்டைப் புதல்வியர் இருவரும் 1917, 1919 ஆம் ஆண்டுகளில் மகப்பேற்றை ஒட்டி இறந்தனர். மற்றொரு மகன் ஏர்வின், இற்லரைக் கொல்ல முயன்றோருடன் தொடர்புடையவர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டு, 1945 ஆம் ஆண்டு சனவரி 23 ஆந் திகதி தூக்கிலிடப்பட்டார். குண்டு வீச்சினால் வீடும் நூல்களும் எரிந்தன. இவற்றையெல்லாந் தாங்கிய பிளாங்கு 1947 ஆம் ஆண்டு ஒக்டோபர் 4 ஆந் திகதி கெற்றிங்கன் நகரிற் காலமானார்.

2019 ஆம் ஆண்டு மே மாதம் 20 ஆந் திகதி முதல் உலக நாடுகளின் நிறையளவை மாறிற்று. அதுவரை கிலோகிராம் என்பது, பாரிசு நகரருகே செவ்வர் என்னுமிடத்திற் காக்கப்பட்ட உலோக உருளையொன்றின் திணிவாக இருந்தது. நூறாண்டுகளுக்கு மேலாகப் பேணப்பட்டும், அவ்வுருளைக்கும் அதன் படிகளுக்குமிடையே மிக நுண்ணிய வேறுபாடு தோன்றியிருந்தது. மனிதர் செய்த பொருள் மாறும். ஆதலின் பிளாங்கு மாறிலிக்கு 6.62607015 எனத் தொடங்கும் பெறுமானத்தை நிலையாக வகுத்து, அதிலிருந்து கிலோகிராமைப் பெறுவதென நாடுகள் உடன்பட்டன. கடையில் நிறுக்கும் அரிசிக்கும் சீனிக்கும் இன்று இறுதி ஆதாரம், பிளாங்கு வேறு வழியின்றித் தம் கணக்கிற் சேர்த்த அவ்வெண்ணே.

கெற்றிங்கன் மயானத்தில் உள்ள அவரது கல்லறைக் கல்லில் புகழுரை ஒன்றுமில்லை. பெயர் உண்டு; அடியில் அம்மாறிலியும் அதன் பெறுமானமும் பொறிக்கப்பட்டுள்ளன.